கற்றுக்கொடுத்த ஆள் போய்விடுகிறார்: ஒரு பட்டறை உரிமையாளரின் கேள்வி

கேள்வி: வணக்கம் அம்மா. கோவை கணபதியில் சி.என்.சி. பட்டறை, அதாவது கணினி மூலம் இயங்கும் எந்திரங்கள் உள்ள பட்டறை, நடத்துகிறேன். 1989-இல் அப்பா ஒரே ஒரு லேத்துடன் தொடங்கியது. அதற்கு முன் 11 வருடம் பீளமேட்டில் வேறொருவர் பட்டறையில் டர்னராக இருந்தார். இப்போது மூன்று டர்னிங் சென்டர் (கடைசல் எந்திரம்), இரண்டு வி.எம்.சி. (உலோகத்தைச் செதுக்கும் எந்திரம்), 14 பேர். மற்ற கம்பெனிகளுக்காக பம்ப், வால்வு உதிரிப்பாகங்களை ஜாப் ஒர்க்காகக் கூலிக்குச் செய்து தருகிறோம். கடந்த ஒரு வருடத்தில் ஆறு பேர் போய்விட்டார்கள். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு இரண்டு செட்டர்கள் (மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்கள்) ஒரே மாதத்தில் நின்றுவிட்டார்கள். இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். நான் 19,000 கொடுத்தேன். ஒரு பெரிய கம்பெனி 24,000 கொடுத்து எடுத்துக்கொண்டது. ஒரு வி.எம்.சி. 19 நாள் சும்மா நின்றது. இரவு ஷிப்டில் ஆள் நிற்பதே இல்லை. அதை மைத்துனர் பார்த்துக்கொள்கிறார், கொஞ்சம் கோபக்காரர். ஆர்டர் தரும் பார்ட்டிகள் பணம் தர இழுப்பதால் சம்பளம் 7-ஆம் தேதியிலிருந்து 15-ஆம் தேதிக்குள் எப்படியும் கொடுத்துவிடுவேன். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எல்லாம் பையன்களே வேண்டாம் என்கிறார்கள். இன்ஜினியரிங் படித்தவர்கள் நம் இடத்தைப் பார்த்ததுமே திரும்பிப் போகிறார்கள். திறமையான ஆளை எங்கே தேடுவது? இரண்டு வருடம் போகக் கூடாது என்று பாண்டு எழுதி, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ, உங்களுக்கு ஆள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று தோன்றுகிறது. ஒரு வருடத்தில் ஆறு பேர் போயும் இன்று 14 பேர் இருக்கிறார்கள் என்றால் அந்த இடங்களுக்கு யாரோ வந்திருக்கிறார்கள். போனவர்களில் இருவரைச் செட்டராகும் அளவுக்கு நீங்கள் வளர்த்தும் இருக்கிறீர்கள். உங்கள் வாசல் வழியாக ஆள் வருகிறார், தொழிலைக் கற்கிறார், போய்விடுகிறார். ஆகவே தேடுவதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் போவதைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 11 வருடம் ஒருவரிடம் வேலை கற்று, 1989-இல் வெளியே வந்து சொந்தமாக லேத் போட்டவர். அந்த பீளமேட்டு முதலாளியும் அன்று உங்களைப் போலத்தான் வருந்தியிருப்பார். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் இருக்கும் பட்டறைகளின் கதையை விசாரித்துப் பாருங்கள். ஒரு பட்டறையில் தொழில் கற்றவர் விலகி வந்து அடுத்ததைத் தொடங்கியதாகவே பெரும்பாலும் இருக்கும். நம் ஊரின் தொழில் அப்படித்தான் பெருகியது. எனவே பையன் போவதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போது போவார், எதற்காகப் போவார், போகும்முன் உங்களுக்கும் அவருக்கும் என்ன கிடைத்திருக்க வேண்டும் என்பதை வேலைக்குச் சேரும் நாளிலேயே பேசி முடிவு செய்யுங்கள். என் ஆலோசனையின் மையம் இதுதான்.

முதலில் பாண்டு, சர்ட்டிபிகேட் விஷயம். ஒருவருடைய ஒரிஜினல் சர்ட்டிபிகேட் இப்போது உங்கள் பீரோவில் இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது அவருடைய சொத்து. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒருவரை வேலை வாங்குவது தவறு என்பதோடு, உங்கள் பெயர் கெடுவதற்கும் அதைவிட விரைவான வழி கிடையாது. ஐ.டி.ஐ. வாசலில் ஒரே ஒரு மாணவர் சொன்னால் போதும், அடுத்த வருடம் அந்தப் பக்கமிருந்து யாரும் வரமாட்டார்கள்.

பயிற்சிக்கான ஒப்பந்தம் வேறு விஷயம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கியில் சேர்ந்து மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்களோ என்னவோ. ஆனால் பெரிய அளவில் விளம்பரம், தேர்வு என்று செலவு செய்து ஆளெடுக்கும் பொதுத்துறை வங்கியின் நிலை வேறு, உங்கள் நிலை வேறு. 19,000 ரூபாய் சம்பளக்காரர் மீது வழக்குப் போட்டு, வாய்தாவுக்கு அலைந்து, என்ன மீட்கப் போகிறீர்கள்? வெளியில் உண்மையாகவே பணம் கட்டி ஒரு புரோகிராமிங் பயிற்சிக்கு அனுப்பினால், அந்தத் தொகையை மட்டும், மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்படி எழுதிக்கொள்வது நியாயம். அதற்கு மேல் எழுதும் எதுவும் காகிதம்தான்.

இப்போது, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஓர் இடத்துக்கு வருகிறேன். இரவு ஷிப்டில் ஆள் நிற்பதில்லை, அந்த ஷிப்டைப் பார்ப்பவர் உங்கள் மைத்துனர், அவர் கோபக்காரர். சம்பளம், பெரிய கம்பெனி, பாண்டு எல்லாவற்றையும் விட இந்த வரிதான் என்னை உறுத்தியது. பொறியியல் தொழிற்சாலைகளின் பணியாளர் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களை உட்கார வைத்து ஏன் என்று கேட்பது என் வேலையின் ஒரு பகுதி. முதல் பத்து நிமிடம் எல்லோரும் சம்பளத்தைச் சொல்வார்கள், ஏனென்றால் அது யாருக்கும் மனவருத்தம் தராத காரணம். டீ வந்த பிறகு, பேச்சு கொஞ்சம் இளகிய பிறகு, ஒரு பெயர் வரும். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனதற்கு எல்லோர் முன்னாலும் கேட்ட வார்த்தை வரும். 'என் அப்பாகூட என்னை அப்படித் திட்டியதில்லை, மேடம்' என்று ஒரு பையன் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அவன் வாங்கிக்கொண்டிருந்தது அந்த வட்டாரத்திலேயே நல்ல சம்பளம்.

மைத்துனரை நீக்குங்கள் என்று சொல்லவில்லை. குடும்பத்துக்குள் அது எவ்வளவு சிக்கல் என்று எனக்குத் தெரியும். அவருக்கு மெஷின் நன்றாகத் தெரிந்திருக்கும், இரவெல்லாம் கண்விழித்து உங்களுக்காக உழைக்கிறவராகவும் இருக்கலாம். ஆனால் போன ஆறு பேரில் எத்தனை பேர் அவருடைய ஷிப்ட் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு, ஐந்து என்று வந்தால் அவரிடம் தனியாகப் பேசுங்கள். ஆளை அதட்டும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, அவருக்கு நன்றாக வரும் வேலையை, டூலிங், மெயின்டனன்ஸ், பார்ட்டியிடம் மெட்டீரியல் எடுப்பது போன்றவற்றை, கொடுங்கள். இரவு ஷிப்டுக்கு உங்களிடம் இருப்பவர்களிலேயே நிதானமான ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் நான் சொல்லப் போகும் எல்லாவற்றிலும் இதுதான் கடினமானது என்பதும் தெரிந்தே சொல்கிறேன்.

அடுத்து அந்த 5,000 ரூபாய் வித்தியாசம். உங்களால் 24,000 கொடுக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையன்கள் 5,000-க்காக மட்டும் போனார்கள் என்று நான் நம்பவில்லை. நம் ஊரில் 25, 26 வயதாகும் பையனுக்கு வீட்டில் பெண் பார்க்கத் தொடங்குவார்கள். பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, 'மாப்பிள்ளை எந்தக் கம்பெனி?' இரண்டாவது, 'பி.எஃப். பிடிக்கிறார்களா?' உங்கள் செட்டர் மிகச் சிறிய வித்தியாசத்தையும் கையால் தடவிச் சொல்லக்கூடியவராக இருக்கலாம். பெண்ணின் தகப்பனாருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிவது அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஒரே தேதியில் விழும் பணம். அதே சம்பளச் சீட்டு இல்லாமல் பைக் வாங்கக் கடனுக்குப் போனால், பையன் வங்கியில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. இவை மூன்றும் உங்களால் கொடுக்கக்கூடியவை.

இ.எஸ்.ஐ. வேண்டாம் என்று சொல்லும் உரிமை பையன்களுக்கு இல்லை, தம்பி, உங்களுக்கும் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அது சட்டப்படி கட்டாயம். அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம். 19,000 வாங்கும் செட்டருக்கு நீங்கள் கட்ட வேண்டியது மாதம் 620 ரூபாய்க்குள். உங்கள் பட்டறையில் நாளை ஒரு விரல் போனால் என்ன செய்வீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான உதவித்தொகையும், நிரந்தர ஊனமானால் கிடைக்கும் ஓய்வூதியமும் அந்தக் குடும்பத்துக்கு என்ன பொருள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். இதில் இனி ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

பி.எஃப். உங்களுக்கு இன்னும் கட்டாயமில்லை, 20 பேர் ஆனால்தான் கட்டாயம். ஆனால் விருப்பப்பட்டுச் சேர வழி இருக்கிறது. 20 பேருக்குக் குறைவான இடங்களுக்கு 12 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம் என்ற விகிதமும் உண்டு. சம்பள வரம்பான 15,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் உங்கள் பங்கு 1,500. நிர்வாகக் கட்டணம், காப்பீட்டுப் பங்கு சேர்த்து ஏறத்தாழ 1,650. 14 பேருக்கு வருடத்துக்கு 2,77,200 ரூபாய். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. இப்போது அந்த வி.எம்.சி.க்கு வருவோம். மணிக்கு என்ன ரேட் வாங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. 400 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஷிப்டில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம், 19 நாள்: 304 மணி நேரம், 1,21,600 ரூபாய் வரவு போனது. கரண்ட், டூல் செலவு மிச்சம் என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம், ஆனால் மெஷின் தவணையும் வாடகையும் நிற்கவில்லையே. இப்படி ஒரு வருடத்தில் மூன்று முறை நடந்தால் பி.எஃப். செலவை அது தாண்டிவிடுகிறது. அதற்குள் புதிய ஆள் போட்ட ரிஜெக்‌ஷனும், தவறிய டெலிவரியால் பார்ட்டி முகம் சுளித்ததும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

பையன்கள் வேண்டாம் என்பதற்குக் காரணம், கையில் வருவது குறைகிறதே என்ற பயம். அதை உட்கார்ந்து விளக்க வேண்டும். தான் கட்டும் 1,500-க்கு முதலாளியும் 1,500 போடுகிறார். அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகிறது. வேலையில் இருக்கும்போது உயிருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே எண் தொடரும். வாய்ப்பிருந்தால் அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொல்லுங்கள். பையனைவிட அம்மாவுக்கு இது சீக்கிரம் புரியும். இன்னொன்று: 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரையிலான காலத்தில் வாழ்க்கையில் முதன்முறையாக பி.எஃப்.-இல் சேர்பவருக்கு, மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000 ரூபாய் வரை, இரண்டு தவணைகளாகக் கிடைக்கிறது. ஆறு மாதம் வேலையில் இருந்தால் முதல் தவணை, 12 மாதம் இருந்தால் இரண்டாவது. முதல் வருடத்தைத் தாண்ட வைப்பதுதானே உங்கள் கவலை? அதே திட்டத்தில் முதலாளிக்கான சலுகை உங்கள் அளவுள்ள இடத்துக்குப் பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளத் தேதி. '7 முதல் 15-க்குள் எப்படியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கம் அது பெருமை. நெருக்கடியிலும் ஒரு மாதம்கூட நிறுத்தவில்லை. பையன் பக்கம் நின்று பாருங்கள். அறை வாடகை 5-ஆம் தேதி, மெஸ் பாக்கி, ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டியது, பைக் தவணை. தவணை தவறினால் வங்கி அபராதம் பிடிக்கும். 19,000-ஐ 1-ஆம் தேதி வாங்குபவரும் 14-ஆம் தேதி வாங்குபவரும் ஒரே சம்பளம் வாங்கவில்லை. ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் ஆறு மாதத்தில் சேருங்கள். அதை மெட்டீரியலுக்கோ டூலுக்கோ தொடாதீர்கள்.

பார்ட்டிகள் இழுப்பதற்கும் உங்கள் கையில் கருவி இருக்கிறது. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துவிட்டீர்கள்தானே? சிறு, குறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதைவிட இப்போது கடிப்பது வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு: உங்களுக்குக் காலத்தில் தராமல் மார்ச் முடிந்தும் பாக்கி நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாக அவர்கள் காட்ட முடியாது. ஒரு பார்ட்டியிடம் சண்டை போட வேண்டாம். பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் 45 நாள் என்ற வரியையும் அச்சடியுங்கள், மார்ச் மாதத்துக்கு முன் அவர்கள் கணக்குப் பிரிவுக்கு ஒரு பணிவான நினைவூட்டல் அனுப்புங்கள். பலருக்கு இதுவே வேலை செய்திருக்கிறது.

இனி ஆளைத் தேடுவது. தயாரான செட்டரைத் தேடாதீர்கள். தயாராகவே இருக்கும் ஆள் விலை பேசித்தான் வருவார், அந்த ஏலத்தில் நீங்கள் ஜெயிக்க முடியாது. ஆகக்கூடியவரைத் தேடுங்கள்.

ஐ.டி.ஐ.யில் டர்னர், மெஷினிஸ்ட் இரண்டும் இரண்டு வருடப் படிப்பு. பெரிய கம்பெனிகள் படிப்பு முடியும் நேரத்தில் வந்து கூட்டமாக அள்ளிக்கொண்டு போகும். நீங்கள் ஒரு வருடம் முன்பே போங்கள். முதலாம் ஆண்டு மாணவர்கள் பத்துப் பேரை ஒரு நாள் உங்கள் பட்டறைக்கு அழைத்து, மெஷின் ஓடுவதைக் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள். அந்த ஆசிரியர்களுக்கு ஒவ்வொரு மாணவரின் கையும் தெரியும். மதிப்பெண்ணில் தெரியாததை அவர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து நவீன எந்திரங்களோடு புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. நாம் படித்த காலத்து ஐ.டி.ஐ. என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிவிடாதீர்கள். அப்ரண்டிஸ் சட்டப்படி 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்கள் விரும்பினால் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) எடுக்கலாம். உங்கள் 14 பேருக்கு அது பொருந்தும். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. அப்ரண்டிஸைப் பெருக்கித் துடைக்கவும் லோடு ஏற்றவும் மட்டும் வைத்திருப்பதாக இருந்தால் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

பெண்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். ஆனால் சிறு பட்டறைகளுக்குள் அவர்களைக் காண்பது அரிது. சி.என்.சி. மெஷினுக்குத் தோள்பலம் தேவையில்லை. வேண்டியது பொறுமை, அளவெடுக்கும் கை, எழுதி வைக்கும் பழக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு, வீட்டுக்கு அருகில் பகல் வேலை கிடைத்தால் போதும் என்று காத்திருக்கும் பெண்கள் கணபதியைச் சுற்றியே இருக்கிறார்கள். பெரிய கம்பெனியின் ஷிப்டும் தூரமும் அவர்களுக்கு ஒத்துவராது; உங்களுக்குப் போட்டியே இல்லாத இடம் இது. முதல் முதலீடாகப் பூட்டு வேலை செய்யும், தண்ணீர் வரும், தனியான ஒரு கழிப்பறை கட்டுங்கள். ஒருவரைத் தனியாக எடுக்காமல் இருவராக எடுங்கள். ஒரு பெண் மட்டும் 14 ஆண்களுக்கு நடுவே என்றால் அவர் வீட்டில் அனுப்பமாட்டார்கள், அவருக்கும் மனம் ஒட்டாது.

வடமாநிலத்திலிருந்து வருபவர்களை எடுத்தாலும் இதே அளவுகோல்தான். குறைந்த கூலிக்குக் கிடைக்கிறார்கள் என்று எடுத்தால் குறைந்த கூலிக்கான உறவுதான் இருக்கும். மற்றவர்கள் ஏறும் அதே சம்பள ஏணியில், அதே சம்பளச் சீட்டோடு ஏற்றினால் அவர்களில் மிகச் சிறந்த ஆபரேட்டர்கள் உருவாகிறார்கள்.

நேர்காணலில் என்ன கேட்பது என்று எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். மிகக் குறைவாகக் கேளுங்கள் என்பேன். ஒரு டிராயிங், முடித்த ஒரு பீஸ், ஒரு மைக்ரோமீட்டர் மூன்றையும் மேசையில் வைத்து, 'அளந்து சொல்லுங்கள்' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். சிலர் எடுத்தவுடன் திருகி ஓர் எண்ணைச் சொல்வார்கள். சிலர் முதலில் பீஸைத் துணியால் துடைப்பார்கள், மைக்ரோமீட்டரின் முகங்களைத் துடைப்பார்கள், மூடி ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள், இரண்டு மூன்று இடத்தில் அளந்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். இரண்டாவது வகை ஆளை, அவர் எண்ணைத் தவறாகவே சொல்லியிருந்தாலும், எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அரை நாள் பட்டறையில் ஓர் ஆபரேட்டரோடு நிற்க வையுங்கள், அதற்குக் கூலி கொடுத்துவிடுங்கள். மாலையில் அந்த ஆபரேட்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இவர் உன் பக்கத்து மெஷினில் இருந்தால் உனக்குச் சம்மதமா?'

இன்ஜினியரிங் பட்டதாரிகள் திரும்பிப் போவதைப் பற்றி ரொம்பவும் வருந்த வேண்டாம். உங்களுக்கு இப்போது தேவை பட்டம் அல்ல. இருந்தாலும் ஒருவர் வந்தால் அவரிடம் சொல்ல உங்களிடம் உண்மையான ஒரு விஷயம் இருக்கிறது, நீங்கள்தான் அதைச் சொல்வதில்லை. பெரிய இடத்தில் அவர் ஒரு மெஷின் முன்னால் நின்று, யாரோ எழுதிய புரோகிராமை ஓட்டி, மாதக்கணக்கில் ஒரே பீஸை ஏற்றி இறக்குவார். உங்களிடம் டிராயிங் வந்த நாளிலிருந்து விலை கணக்கிடுவது, பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரை யோசிப்பது, புரோகிராம் எழுதுவது, முதல் பீஸை அளந்து ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுப்பது, பார்ட்டியின் இன்ஸ்பெக்டரிடம் பேசுவது வரை எல்லாம் ஒரே வருடத்தில் பார்க்கலாம். சொந்தத் தொழில் கனவு உள்ள பையனுக்கு இது 5,000 ரூபாயைவிடப் பெரிது.

ஆனால் சொன்னால் செய்ய வேண்டும். எனவே சேரும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: தனியாக மெஷின் ஓட்டினால் இவ்வளவு, தானே டூல் மாற்றி ஆஃப்செட் கொடுத்தால் இவ்வளவு, டர்னிங் செட்டிங் முழுதும் செய்தால் இவ்வளவு, வி.எம்.சி. புரோகிராம் எழுதினால் இவ்வளவு. ஒவ்வொரு படியிலும் சம்பளம் உயரும். அதற்குத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் இரண்டு செட்டர்களும் போனஸ் வாங்கிய மறுநாள் போனதற்கு ஒரு காரணம், அவர்கள் உங்களிடம் எதிர்பார்க்க அந்தத் தேதியைத் தாண்டி வேறு எதுவும் இல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

அதே நாளில் இன்னொன்றும் பேசுங்கள். 'மூன்று வருடம் என்னோடு இரு. என்னிடம் இருக்கும் வேலை முழுவதும் கற்றுத் தருகிறேன். அதன்பின் உனக்குப் பெரிய இடம் கிடைத்தால் நானே கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். போகும்முன் இரண்டு மாதம் முன்னால் சொல், உன் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிவிட்டுப் போ.' இதைச் சொல்ல முதலாளிகள் தயங்குவார்கள், போகும் எண்ணத்தை நாமே விதைக்கிறோமோ என்று. எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது. பேசாத இடத்தில்தான் அது போனஸ் மறுநாள் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போவதாக வெளிப்படுகிறது. கூடவே, எந்த ஒரு செட்டிங்கும் ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கக் கூடாது என்று விதி வையுங்கள். ஒரே அறையில் தங்கும் நண்பர்கள் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள். அதைத் தடுக்க முடியாது. அவர்கள் இருவரும் ஒரே மெஷினின் இரண்டு ஷிப்டாக இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். புரோகிராம்களும் செட்டிங் தாள்களும் போட்டோவோடு ஒரு கோப்பில் இருக்கட்டும். அந்த வி.எம்.சி. 19 நாள் நின்றதில் பாதி நாட்கள் ஆள் இல்லாததால் அல்ல, அந்த ஆளின் தலைக்குள் இருந்தது தாளில் இல்லாததால்.

சிங்காநல்லூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே ஒருவர் விலகும் நாளில் எல்லா மெஷினையும் கால் மணி நேரம் நிறுத்தி, டீ வடை வாங்கி, உரிமையாளர் கையாலேயே அனுபவச் சான்றிதழைக் கொடுப்பார். பாக்கிச் சம்பளம் அன்றே கணக்கில் ஏறியிருக்கும். அப்படிப் போனவர்களில் இருவர் சில வருடம் கழித்துத் திரும்பி வந்து இன்று அங்கே ஷிப்ட் பொறுப்பில் இருக்கிறார்கள். இன்னொருவர் தான் சேர்ந்த பெரிய கம்பெனியின் கொள்முதல் பிரிவுக்கு உயர்ந்து, அங்கிருந்து இந்தப் பட்டறைக்கே ஆர்டர் அனுப்புகிறார். நான் பணியாற்றிய ஓர் இடத்தில் இதற்கு நேர்மாறாக, விலகியவரின் கடைசி மாதச் சம்பளத்தை மூன்று மாதம் இழுத்தடித்தோம். அந்தச் செய்தி அவருடைய ஊரான தேனிப் பக்கத்துக் கிராமம் வரை போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த பையன்கள் வருவதே நின்றுவிட்டது. அந்த முடிவுக்கு நானும் கையெழுத்துப் போட்டேன், இன்றும் வருந்துகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. இ.எஸ்.ஐ.யும் சம்பளத் தேதியும் இந்த மாதம். மைத்துனரிடம் பேசுவது இந்த வாரம். பி.எஃப். பதிவுக்கு ஆடிட்டரை அடுத்த மாதம் பாருங்கள். படிநிலைத் தாளை நீங்களே ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்து எழுதிவிடலாம்.

அந்த இரண்டு செட்டர்களின் எண் உங்களிடம் இருக்கும். திரும்ப வரச் சொல்லி அல்ல, நலம் விசாரிக்க மட்டும் ஒருமுறை அழையுங்கள். உண்மையான காரணத்தை இப்போது அவர்கள் சொல்வார்கள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அவர்களையும், அதற்கு முன் போனவர்களையும் வரச் சொல்லுங்கள். அவர்கள் பெயருக்கும் பொரிப் பொட்டலம் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்